சித்திரையில் ஐப்பசி

"இந்தப் பொட்டக்காட்டிலே என்ன இருக்குன்னு இந்த வெயிலிலே வந்தீக?"

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பஸ்ஸில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் இப்படிக் கேட்டார். கத்திரி வெயில் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. மணி பதினொன்றுதான், ஆனால் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக் கருவேலம். கருவேலம் இல்லாத இடத்தில் பாளம் பாளமாக வெடித்த கரிசல். அதற்கும் அப்பால், தண்ணீர் அலை அடிப்பதுபோல் கானல் ஓடிக்கொண்டிருந்தது.

"பூர்வீகம் கொஞ்சம் இருக்கிறது. பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றேன்.

"விக்கவா?" என்றார் அவர். துக்கம் விசாரிக்கிற குரல்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்கே தெரியாது. என் சித்தப்பா மகன் டெலிபோனில் கூப்பிட்டிருந்தான். எங்கள் பங்குக்கு மிஞ்சியிருப்பது ஐந்து ஏக்கர். சித்தப்பா காலமான பிறகு உழவு நின்று, நிலம் முழுவதும் கருவேலங்காடாகி விட்டது. கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் மரத்துக்கு விலை பேசுகிறார். சூரிய மின்சாரத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் நிலத்துக்கே விலை பேசுகிறார். "அண்ணே, நீங்க வந்து ஒரு முடிவு சொல்லுங்க" என்றான் தம்பி.

சூரிய மின்சாரமா என்று வாசகர்கள் வியப்படைய வேண்டாம். பக்கத்திலுள்ள கமுதியில் 2016-ஆம் வருஷம், சுமார் 2,500 ஏக்கரில் கண்ணாடிப் பலகைகளைப் பரப்பி 648 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்துவிட்டது. ஒரே இடத்தில் அமைந்த இத்தகைய நிலையங்களில் உலகத்திலேயே பெரியது என்று அப்போது அதைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தாத்தாவிடம் போய், "வெயிலுக்கு விலை உண்டு" என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்கு வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிட்டிருப்பார்.

பெரியவர் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு பஸ்ஸிலிருந்து இறங்கிக் கூடவே வந்தது. இந்தப் பொட்டற்காட்டில் என்ன இருக்கிறது? அதுவும் கோடையில்?

*

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் என்னை மதுரையில் பஸ் ஏற்றிவிடுவார்கள். நான் சொல்வது 1950-களின் கடைசி வருஷங்கள். அருப்புக்கோட்டையில் தாத்தா மாட்டு வண்டியோடு காத்திருப்பார். ஆனால் உடனே புறப்பட மாட்டார். "வாயில்லாச் சீவனை இந்த வெயிலிலே ஓட்டப்படாது" என்று சொல்லி, பொழுது சாயும் வரை தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பார். தெரு முழுவதும் கைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். மாலையில் மல்லிகை அரும்பு கூடை கூடையாக வந்து இறங்கும். அந்த அரும்பினால்தான் ஊருக்கே பெயர் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. கிணற்றடியில் குடம் குடமாக ஊற்றி வளர்த்த செடி, மற்றப் பயிரெல்லாம் கருகும் பருவத்தில்தான் மிகுதியாகப் பூக்கும் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

வண்டி இருட்டில் போகும். கழுத்து மணிச் சத்தம், சக்கரத்தின் முனகல், மேலே நட்சத்திரம். குண்டாற்றைத் தாண்டும்போது சக்கரம் மணலில் புதைந்து, நான் இறங்கி நடப்பேன். அது ஆறு என்பதற்கு அங்கே மணலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

தாத்தா வீட்டில் பொழுது விடிவது மூன்று மணிக்கு. அப்பத்தா கம்பு இடிக்கும் உலக்கைச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். தாத்தா அதற்கு முன்பே கண்மாய்க்குப் போயிருப்பார். கோடையில் அவருடைய வேலை கரம்பை அடிப்பது. கரம்பை என்றால் பட்டணத்து வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மழைக் காலத்தில் காட்டிலும் மேட்டிலும் ஓடி வரும் தண்ணீர், மேல் மண்ணையும் இலை தழையையும் ஆட்டுப் புழுக்கையையும் அடித்துக்கொண்டு கண்மாய்க்குள் வந்து சேர்கிறது. தண்ணீர் வற்றிய பிறகு அடியில் படிந்து கிடக்கும் கறுப்பு வண்டல்தான் கரம்பை. அதை மண்வெட்டியால் பாளமாக வெட்டி வண்டியில் ஏற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் மூன்று நடை. நிலத்தில் குவியல் குவியலாகத் தட்டிவிட்டு, அப்புறம் சமமாக இறைத்து விடுவார்கள். மாட்டுக்கு மூச்சு வாங்கும். மனிதர்கள் வேர்வையில் கரம்பை அப்பி, மண்ணில் செய்த பொம்மை போல் இருப்பார்கள்.

இந்த ஒரு வேலையில் இரண்டு பலன். நிலத்துக்கு உரம் கிடைக்கிறது. கண்மாய்க்கு ஆழம் கிடைக்கிறது. ஆழம் வேண்டும் என்று தனியாக யாரும் கூலி கொடுத்துத் தூர் வாரவில்லை. தன் நிலம் விளைய வேண்டும் என்ற ஒவ்வொருவனுடைய ஆசையும் சேர்ந்து ஊருக்குப் பொதுவான கண்மாயைத் தோண்டிக் கொடுத்தது.

பொழுது நன்றாக விடிந்ததும் பருத்திக் காடு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி மாசியில் வெடிக்கத் தொடங்கும். வைகாசி வரையில் கடைசி வெடிப்பைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். எங்களைப் போன்ற சிறுவர்களுக்குக் கையளவு பருத்திதான் நாணயம். கடையில் கொண்டு போய்க் கொடுத்தால் கருப்பட்டி மிட்டாய் கிடைக்கும். பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய பருத்திப் பாலும் உண்டு. வெடிப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கி, பருத்திமாரைப் படப்பாக அடுக்குவார்கள். வருஷம் பூராவும் அதுதான் அடுப்புக்கு விறகு.

ஒரு நாள் தாத்தா கொடுத்த நாலணாவை நான் நிலத்து வெடிப்பில் நழுவ விட்டேன். கையை முழங்கை வரையில் விட்டுத் துழாவினேன், அகப்படவில்லை. அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்துத் தாத்தா சிரித்தார். "மண்ணுக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கே. போகட்டும், நாணயமான ஆளுதான்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. கரிசல் மண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் மேலே உதிரும் பொடி மண் வெடிப்புக்குள் விழுகிறது. மழை பெய்ததும் வெடிப்பு மூடி, அடி மண் மேலே தள்ளப்படுகிறது. இப்படி வருஷா வருஷம் அது தன்னைத்தானே புரட்டிக் கொள்கிறது. பொட்டற்காடு என்று நாம் அலட்சியமாகப் பார்க்கும் அந்த வெடிப்பு, மண் தானே ஏர் பூட்டிக்கொண்ட அடையாளம்.

பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். வெண்கலக் கும்பாவில் கம்பங்கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் மிதுக்க வற்றலும். பிறகு வேப்ப மரத்து நிழல். கோழி இறக்கையை விரித்து வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடும். நடுத்தெருவில் ஒரு சூறைக்காற்று எழுந்து, சருகைச் சுழற்றிக்கொண்டு, யாரையோ தேடி வந்ததுபோல் வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நாலு மணிக்கு யாராவது ஒருவர் பனையிலிருந்து நுங்கு இறக்கிக்கொண்டு வந்தால் ஊர் மறுபடியும் உயிர் பெறும்.

இரவில் நிலத்தில் ஆட்டுக் கிடை. கீதாரி ஆடுகளை அடைத்துவிட்டு, கம்பளியை விரித்து உட்காருவார். அவருக்குத் தெரியாத ஊர் கிடையாது. அறுவடை முடிந்த சமயம் பார்த்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமை வரையில் போய் வருகிறவர்கள் அவர்கள். காவேரித் தண்ணீர் பாயும் நன்செய்க்கும் எங்கள் சீமை ஆடுதான் உரம் என்று அவர் சொல்லும்போது, தாத்தா மீசையைத் தடவிக்கொள்வார்.

இவ்வளவும் இனிமையான நினைவுகள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். கோடையில் கிணறு வற்றிவிடும். ஊருணியின் நடுவில் குழம்பிக் கிடக்கும் தண்ணீர்தான் கதி. அந்த ஊருணிப் படியில் எல்லாரும் இறங்க முடியாது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கிய தெருவிலிருந்து வந்த பெண்கள் கரையிலேயே குடத்தோடு நிற்பார்கள். யாராவது மனம் இரங்கி ஊற்றினால்தான் உண்டு. இல்லாவிட்டால் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரி ஒரு குடம் நிரப்ப அரை இரவு காத்திருக்க வேண்டும். மழைக் காலத்தில் கண்மாய் மடையைத் திறந்து, எந்த நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று பாய்ச்சுகிறவர் அதே தெருக்காரர்தான். ஊரின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் அவர் கையில். ஊருணித் தண்ணீர் மட்டும் அவர் மனைவிக்கு இல்லை. சிறுவனான எனக்கு இது விசித்திரமாகக்கூடப் படவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

*

வானம் பொய்த்த சீமை, மழையே பெய்யாத சீமை என்று இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். கணக்கைப் பார்த்தால் சங்கதி வேறு. குடையில்லாமல் வெளியே போக முடியாத ஊர் என்று நாவல்களில் படிக்கும் லண்டன் மாநகரில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் பெய்வது சராசரி 800 மில்லிமீட்டர் அளவில். ஆனால் லண்டனில் அது பன்னிரண்டு மாதமும் தூறலாக விழுகிறது. இங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தச் சில நாளில் குண்டாறு இரு கரையும் புரளும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் மணல்.

திருச்சுழி என்ற பெயரே இதைத்தான் சொல்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சுந்தரர் பாடிய தலம் அது. பிரளய வெள்ளம் உலகை மூட வந்தபோது, சிவபெருமான் சூலத்தால் நிலத்தைக் குத்தி, வெள்ளத்தைச் சுழித்துப் பூமிக்குள் அனுப்பிய இடம் என்று தலபுராணம் கூறுகிறது. மழைக்கு ஏங்கும் சீமையில் வெள்ளத்தைப் பற்றி ஒரு புராணம்! "சாமி அன்னைக்கு உள்ளே அனுப்பின தண்ணியை நாம இன்னும் தோண்டிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்பார் தாத்தா.

இதே திருச்சுழியில் 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த வேங்கடராமன் என்ற குழந்தைதான் பிற்காலத்தில் ரமண மகரிஷி. தகப்பனார் வக்கீல். சின்ன வயசில் அவருடைய பழைய வழக்குக் காகிதங்களை எடுத்துக் கப்பல் செய்து தண்ணீரில் விட்டுத் திட்டு வாங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். வறண்ட சீமைப் பிள்ளை வழக்குக் கட்டை விட்டுக் கப்பல் விட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த நாளில் நிலமும் தண்ணீரும் பற்றி எத்தனை வழக்குகள்!

அந்தக் குழந்தை பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த கதையும் அங்கேதான் இருக்கிறது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வருவது நின்றது. உலகம் முழுவதும் பருத்தி விலை ஏறிற்று. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பருத்தி அனுப்பும் நம் கரிசல் சம்சாரி கையிலும் நாலு காசு புரண்டது. யுத்தம் முடிந்தது, விலை விழுந்தது. எங்கோ நடந்த சண்டைக்கும் நம் வீட்டுக் குலுக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. பருத்தியை நம்பியவன் குலுக்கையில் கம்பு குறைவாக இருக்கும். அந்த நிலைமையில் 1876-ஆம் வருஷம் மழை தவறியது.

1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கத் தர்பார் நடந்தது. அதே மாதங்களில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் சாலையோரத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். மாகாணத்துச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், இது உயிர் தாங்கப் போதாது என்று வாதாடினார். வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே லட்சக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள்.

தாத்தாவின் தகப்பனாருக்கு அப்போது பதினைந்து வயசு. வீட்டில் மூன்று பேர்: தாயார், அண்ணன், அவர். அண்ணன் ஒரு நாள் கங்காணியோடு புறப்பட்டு விட்டார். ராமநாதபுரம் கடற்கரைக்கு நடந்து, தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகக் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போகிற பாதை அது. பஞ்ச வருஷங்களில் அந்தப் பாதையில் போனவர்கள் கொஞ்ச நஞ்சம் அல்ல. போய்ச் சேர்ந்தாரா, வழியிலேயே விழுந்தாரா என்பது எங்கள் குடும்பத்துக்கு இன்று வரை தெரியாது. இலங்கை மலைநாட்டில் யாராவது இந்தப் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னால் நான் இன்னும் அவர் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்ப்பேன்.

தாயாரும் இளைய பிள்ளையும் ஊரிலேயே இருந்தார்கள். குலுக்கையின் அடியில் ஒரு கலயம் விதைக் கம்பு இருந்தது. அந்த அம்மாள் அதன் வாயைச் சாணத்தால் மெழுகி மூடிவிட்டாள். கீரையும் கிழங்கும் தின்றார்கள், கலயத்தைத் தொடவில்லை. 1877 சித்திரையில் கண்மாய் தரிசாகக் கிடந்தது. வண்டி இருந்தது, மாடு இல்லை. அவள் பிள்ளையை அழைத்து, "கரம்பை வெட்டு" என்றாள். "மழையே இல்லை, மண்ணைச் சுமந்து என்ன செய்ய?" என்று அவர் கேட்டாராம். "மழை ஐப்பசியிலே பெய்யும். சித்திரையிலேயே கேட்டு வைக்கணும்" என்றாளாம் அந்தத் தாய். கூடையில் சுமந்து, ஒரு மூலையில் அரை ஏக்கர் அளவுக்குக் கொட்டினார்கள். அந்த வருஷம் மழை பெய்தது. கலயத்து விதை அந்த அரை ஏக்கரில் விழுந்தது. நாங்களெல்லாம் அந்த அரை ஏக்கரிலிருந்து வந்தவர்கள்.

அப்பத்தா இந்தக் கதையை எத்தனையோ கோடை இரவுகளில் சொல்லியிருக்கிறாள். குலுக்கையைக் கடைசிக் கைப்பிடி வரையில் வழிக்க அவள் ஒருநாளும் விட்டதில்லை.

*

நாம் படிக்கும் சரித்திரத்தில் சேதுபதிகள் வருகிறார்கள், கும்பினியார் வருகிறார்கள், ஜமீன் வருகிறது. கண்மாயில் மண் வெட்டியவன் வருவதில்லை. ஆனால் அந்த ராஜாங்கங்கள் நின்றது அவன் வெட்டிய மண்ணின் மேல்தான். அதை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் வருஷத்திலேயே ஒரு யோசனை செய்தார். மேற்கு மலையில் பெய்து வீணாக அரபிக் கடலுக்குப் போகும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர ஆட்களை அனுப்பினார். முடியும், ஆனால் செலவு தாங்காது என்று விஷயம் நின்றுபோயிற்று. நூறு வருஷம் கழித்து, 1895-இல், பென்னிகுயிக் கட்டிய அணை அந்தக் கனவை நனவாக்கியது. தண்ணீர் வைகைக்கு வந்து மதுரைப் பக்கத்து வயல்களைப் பசுமையாக்கியது. கனவு கண்டது ராமநாதபுரம் அரண்மனை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மட்டும் வானம் பார்த்த பூமியாகவே நின்றன. காவேரியிலிருந்து வைகை வழியாகக் குண்டாறு வரை கால்வாய் வெட்டும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். குண்டாறு அந்தக் கோட்டின் கடைசி முனை. கடைசி மடைக்காரனின் கவலை என்ன என்று எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் சொல்லுவான்.

கண்மாய்க்கு ஊரார் வேலை செய்வது குடிமராமத்து என்ற பழைய வழக்கம். 1803-இல் ராமநாதபுரம் சாசுவத ஜமீனான பிறகு, கரை உடைந்தால் செப்பனிட வேண்டியது ஜமீனா, குடிகளா என்ற தகராறுக்கு இடம் ஏற்பட்டது. ஊரார் வழக்கமாகச் செய்த வேலைக்கு வராதவர்களைத் தண்டிக்க அரசாங்கம் 1858-இல் ஒரு சட்டமே போட்டது. ஒரு வழக்கத்துக்குச் சட்டம் தேவைப்படுகிறது என்றால், அது நோயில் விழுந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஜமீன்கள் ஒழிந்தன; கண்மாய்கள் சர்க்காருக்கு வந்தன. நிலத்துக்குச் சொந்தக்காரனானதில் சம்சாரிக்கு மகிழ்ச்சி. அதே சமயத்தில் கண்மாய் "சர்க்கார் கண்மாய்" ஆகிவிட்டது. கரம்பை வண்டி குறைந்தது. சாக்கில் ரசாயன உரம் வந்தது. உரம் வேறு வழியில் கிடைத்ததும், ஆழத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தக் காலியிடத்தில்தான் சீமைக் கருவேலம் நுழைந்தது. விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று நல்ல எண்ணத்துடன் தூவிய விதை. ஆடுகள் நெற்றைத் தின்று, புழுக்கையோடு விதையைப் போட்டு, கண்மாய் உள்வாய் முழுவதும் பரப்பிவிட்டன. நான் சிறுவனாகப் பார்த்த கோடை, வெட்ட வெளியும் அங்கொரு உடை மரமும் இங்கொரு பனையுமாக இருந்தது. இன்று அந்தக் கோடைக்குப் பச்சை நிறம். அதைப் பார்த்து மகிழ முடியவில்லை. 2017-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வரையில் இந்த மரத்தின் வழக்குப் போயிற்று. ஆயினும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மழை ஏமாற்றிய வருஷங்களில் இந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுத்தான் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது. முந்தைய தலைமுறையில் இதே போல் சப்பாத்திக் கள்ளி மாகாணம் முழுவதும் அடைத்துக்கொண்டு கிடந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னப் பூச்சி அதைத் தின்று தீர்த்தது. ஆகவே, நாம் பார்க்கும் காட்சியை ஆதிகாலம் தொட்டு வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. காடும் மலையும் வெயிலால் தம் இயல்பு கெட்டபோது எடுக்கும் கோலமே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. கெட்ட இயல்பு திரும்பவும் கூடும் என்ற நம்பிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது.

*

இவ்வளவையும் தம்பியிடம் நான் சொன்னேன். தாத்தா, கரம்பை, தாது வருஷம், அரை ஏக்கர் எல்லாவற்றையும் சொன்னேன். கதாசிரியன் அல்லவா? கொஞ்சம் உருக்கமாகவே சொல்லிவிட்டேன். கருவேல நிழலில் உட்கார்ந்து அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணே, நீங்க வருசத்துக்கு ஒரு நா வந்து பாக்குறீக. ஒங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும். நான் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் பாக்குறேன். எம் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டணும்" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். நினைவுகளை வைத்துக்கொண்டு ஒரு மூட்டை விதைகூட வாங்க முடியாது. நிலத்தை விட்டுப் போனவன் நிலத்தில் இருப்பவனுக்கு உபதேசம் செய்வது எளிது. "நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியே கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன். மனத்தில் கிலேசம் இல்லாமல் இல்லை.

வெயில் தாழ்ந்ததும், "வாங்க, கம்மாய்ப் பக்கம் போய்ட்டு வருவம்" என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டான். கண்மாய் உள்வாயில் ஒரு பகுதியில் கருவேலத்தை வேரோடு பெயர்த்திருந்தார்கள். மண் வெட்டும் இயந்திரம் ஒன்று நின்றது. இரண்டு மூன்று டிராக்டர்கள் வரிசையில் காத்திருந்தன. குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 2017 முதல் அரசாங்கம் கண்மாய் வேலைகளைத் தொடங்கியதும், வண்டல் மண்ணைச் சம்சாரிகள் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்ததும் பத்திரிகையில் படித்திருந்தேன். அதற்கும் என் ஐந்து ஏக்கருக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"தாசில்தார் ஆபீசிலே எழுதிக் குடுத்திருக்கேன்" என்றான் தம்பி, என் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு ஏக்கர்ல மரத்தைக் கரிக்காரருக்கு விட்ருவோம். அந்தக் காசு டிராக்டர் வாடகைக்குச் சரியாப் போகும். கரம்பை அடிச்சு, குதிரைவாலி போட்டுப் பாப்பம். இப்ப அதுக்கு டவுன்ல நல்ல கிராக்கி இருக்கு."

இதை முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். மத்தியானம் நான் செய்த பிரசங்கம் முழுவதையும் அவன் எப்படித்தான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தானோ தெரியவில்லை.

இயந்திரம் ஒரு வாய் மண்ணை அள்ளி டிராக்டரில் கொட்டிற்று. கறுப்பு மண், உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. அந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.

"மீதி மூணு ஏக்கர்?" என்று கேட்டேன்.

தம்பி மோட்டார் சைக்கிளைத் திருப்பினான்.

"அதை ஐப்பசி கழிச்சுப் பேசிக்கிடலாம்ணே" என்றான்.